ஸ்டாண்ட்பையும் ஏகாம்பரத்தின் மெயின் சுவிட்சும்

ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகிற வழியில் கார் சீட்டுக்கு பிரேம் செய்கிற ஒரு கம்பெனி. அங்கே சிஸ்டம் பார்த்துக்கொள்வது என் வேலை. விண்டோஸ் எக்ஸ்பி புதிதாக வந்திருந்த காலம். எது நின்றாலும் ‘வைரஸ் சார்’ என்றுதான் போன் வரும். அன்று காலை மேனேஜரே கூப்பிட்டார்.

“டிஸ்பேட்ச்ல மறுபடியும் பில் காணோம்யா. லாரி கேட்ல நிக்குது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா முருகேசனை வேலையை விட்டு அனுப்பிடுவேன், சொல்லிட்டேன்.”

முருகேசன் டிஸ்பேட்ச் கிளார்க், திருநெல்வேலிக்காரன். வேலை இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை. நான் போனபோது முகம் செத்துக் கிடந்தது.

“நேத்து சாயந்தரமே அடிச்சு வச்சுட்டுதான் சார் போனேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ.”

“சேவ் பண்ணினியா?”

“எல்லா ஐட்டமும் போட்டாத்தான் அந்த சாஃப்ட்வேர்ல சேவ் ஆவும். சில நாள் கடைசி ரெண்டு ஐட்டம் காலையிலதான் வரும். அதான் ஸ்டாண்ட்பை போட்டுட்டுப் போறேன்.”

யோசனை தப்பில்லை. ஸ்டாண்ட்பையில் திரையும் டிஸ்க்கும்தான் அணையும். அடித்தது மெமரியில் அப்படியே இருக்கும். ஆனால் கரண்ட் நிற்கக் கூடாது. அதற்குத்தான் யூ.பி.எஸ். இருக்கிறதே, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. என்னதான் நடக்கிறது பார்த்துவிடுவோம் என்று அன்று மாலை அவனோடு அங்கேயே உட்கார்ந்தேன்.

மறுநாளுக்கான பில்லை அடித்து ஸ்டாண்ட்பை போட்டான். ஷிஃப்ட் முடிந்ததும் செக்யூரிட்டி ஏகாம்பரம் வந்தார். நேராகப் போர்டுக்குப் போய் மெயினை இறக்கினார். யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. அதன் பட்டனையும் ஒரு அமுக்கு அமுக்கினார்.

“என்னண்ணே பண்றீங்க?”

“டெய்லி பண்றதுதான் சார். மெயினை இறக்குனா இது கீ கீன்னு கத்திகினே கீது. அதான் இதையும் அமுத்திட்டுப் போறது.”

முருகேசன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மெயினை ஏற்றச் சொல்லி, பவர் ஆப்ஷன்ஸில் ஹைபர்னேட்டை டிக் செய்தேன். இதில் மெமரியில் இருப்பதெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும். பிறகு யார் எதை இறக்கினாலும் கவலையில்லை. பவர் பட்டனை அமுக்கினாலே ஹைபர்னேட் ஆகும்படியும் வைத்தேன். முருகேசன் முணுமுணுத்துக்கொண்டே பில்லை முதலிலிருந்து அடித்து, பட்டனை அமுக்கினான். ஏகாம்பரம் தன் கடமையைச் செய்தார்.

காலையில் மேனேஜரும் வந்து நின்றார். சிஸ்டத்தை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. விட்ட இடத்திலேயே பில் வந்து நின்றது.

“இருக்கு சார்” என்றான் முருகேசன்.

நடந்ததைச் சொன்னேன். மேனேஜருக்குச் சுள்ளென்று ஏறியது. ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்.

“மெயினை இறக்கச் சொல்லி உனக்கு யாருய்யா சொன்னது?”

“நீங்கதான் சார். அன்னிக்கு ஒயரு பொகைஞ்சிச்சே, கடைசியா போறவன் இறக்கிட்டுப் போகணும்னு சொன்னீங்களே.”

மேனேஜர் கையை ஆட்டி ஏகாம்பரத்தைப் போகச் சொன்னார். பிறகு முருகேசன் தோளைத் தட்டி, “ஸாரிப்பா. மீதியை அடிச்சுப் பிரிண்ட் போடு” என்றார். அந்த மனிதர் ஸாரி சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சிஸ்டத்தில் வைரஸ் தேடுவதற்கு முன்னால், அந்த ஆபீஸைக் கடைசியாகப் பூட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.