மாமா கொண்டுபோன சீப்புகள்

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் மாமா படம் எடுக்காத கலியாணம் குறைவு. பெரியபிள்ளையான பெண்களின் சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று வார இறுதிகளில் அவரைப் பிடிக்கவே முடியாது. அப்படிப்பட்டவர் ஒருநாள் ஹெய்ட்டிக்குப் போகப்போகிறேன் என்றபோது, அப்பா சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, அங்கே யாருக்குக் கலியாணம் என்று கேட்டார்.

நிலநடுக்கத்தில் இடிந்துபோன ஊர்களுக்கு எங்கள் பக்கத்துத் தமிழ் டொக்டர்மாரும் தாதிமாரும் தங்கள் லீவில் மருந்தோடு போய்வந்துகொண்டிருந்தார்கள். படம் எடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த அம்மா, தன் தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டார்.

புறப்படுவதற்கு முதல்நாள் வோபர்னில் எங்கள் வீட்டில்தான் மாமா பை அடுக்கினார். கமராக்களுக்கு நடுவே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதற்குக் கீழே தமிழ்க்கடையில் வாங்கிய சீப்புகள், ஒரு பை நிறைய. பத்து வயதுக்காரியான எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. எதைக் கண்டாலும் ஏதாவது குறை சொல்லும் அம்மாவோ அன்றைக்கு, கண்ணாடி உடையாமல் இருக்கத் தன் சால்வையால் அதைச் சுற்றிக் கொடுத்தார்.

மாமா திரும்பிவந்து படங்களைக் காட்டியபோது அந்த மருத்துவக் குழுவின் தலைவர் அங்கிளின் முகம் கறுத்தது. உதவி சேர்க்க ஒரு விருந்து நடக்க இருந்தது. மண்டபச் சுவருக்கு அவர் எதிர்பார்த்தது அழும் பிள்ளைகளையும் குனிந்து ஊசி போடும் டொக்டர்மாரையும். மாமா கொண்டுவந்ததோ குடும்பப் படங்கள். கூடாரத்துக்கு முன்னால் கதிரை போட்டு, மூத்தவர் நடுவில் இருக்க, மற்றவர்கள் தோய்த்து உலர்த்திய சட்டையோடு சுற்றி நின்றார்கள். டொக்டர்மார் ஒரு கரையில், சாப்பிட வந்த விருந்தாளிகளைப்போல் தெரிந்தார்கள்.

அதிலும் ஒரு படம் அங்கிளைக் கொதிக்க வைத்தது. காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண், பல் உடைந்த சீப்பைத் தூக்கிப் பிடித்தபடி சிரிக்கிறார். பிள்ளைகள் அவர்மேல் விழுந்து சிரிக்கிறார்கள். நெருக்கமான பல் வைத்த எங்கள் சீப்பு அவருடைய சுருள்முடிக்குள் இறங்கப் பார்த்து உடைந்துவிட்டது. அங்குள்ளவர்களின் தலைமுடி எப்படி என்று ஒரு நிமிடமும் யோசிக்காமல் பை நிறையக் கட்டிக்கொண்டு போனவரை என்ன சொல்வது.

"உதுகளைப் பார்த்து ஆர் உதவி செய்வினம்? சிரிச்சுக்கொண்டெல்லோ நிக்கினம்," என்றார் அங்கிள்.

"சிரிச்சவை, அண்ணை. அதுதான் எடுத்தனான்," என்றார் மாமா.

அடுத்த பயணத்துக்கு வேறு ஆள் பார்ப்போம் என்று அங்கிள் முடித்துவிட்டார். மாமா இடிந்துபோனார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுடைய படத்தைத் திரும்பிவந்து தன் கையாலேயே தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கலியாண அல்பங்களை மாமா பிந்திக் கொடுப்பார், ஊரெல்லாம் திட்டும். ஆனால் கொடுக்காமல் விட்டதில்லை.

மாட்டுவதற்கு வேறு படம் இல்லாததால் விருந்தன்று அவையே சுவரில் தொங்கின. சீப்புப் படத்தை மட்டும் அங்கிள், வருகிறவர்கள் கோட்டைக் கழற்றிக் கொழுவும் மூலைக்குத் தள்ளிவிட்டார். வெளியே பனி கொட்டுகிற நாளில் எல்லோரும் முதலில் போவது கோட் கொழுவும் மூலைக்குத்தான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

அம்மாவோடு வேலை செய்யும் ஹெய்ட்டித் தாதி ஒருவர் தன் தேவாலயப் பெண்கள் சிலரோடு வந்தார். கோட்டில் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே; படத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மற்றப் பெண்களும் சேர்ந்து சுவரில் சாய்ந்து சிரிக்க, மண்டபமே எழும்பி அந்த மூலைக்கு வந்தது. இது யாருடைய சீப்பு என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். மாமா பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினார்.

அந்தத் தாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகக் கிட்டப்போய்ப் பார்த்தார். தன் சனங்களைத் தினமும் டிவியில் பார்த்து அழுததாகவும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு உடுத்து வெளிக்கிட்டு நிற்கிற முகத்தோடு இன்றைக்குத்தான் பார்ப்பதாகவும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு கைப்பைக்குள்ளிருந்து அகன்ற பல் வைத்த பெரிய சீப்பு ஒன்றை எடுத்து மாமாவிடம் நீட்டி, அடுத்த முறை இதைக் கொண்டுபோ என்றார்.

மண்டபம் கைதட்டி அதிர்ந்தது. ஆகப் பலமாகத் தட்டியவர் தலைவர் அங்கிள். மாமாதான் அடுத்த முறையும் வருவார் என்று மேடையேறி அறிவித்தவரும் அவரே. நான் கதிரையில் ஏறி நின்று தொண்டை கட்டுமட்டும் கத்தினேன்.

வீடு திரும்பும்போது அம்மா அந்தச் சீப்பை மடியில் வைத்திருந்தார்.

"எல்லாரையும் சீப்பாலை தலை இழுக்க விட்டனியோ?"

"ஓம் அக்கா. முதல் கண்ணாடியைக் குடுத்தனான். பிறகுதான் கமராவைத் தொட்டனான்."

அம்மா சீப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எங்கள் அலுமாரியில் அம்மாவின் சிறுவயதுப் படம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஊரில் சண்டையின்போது இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்த நாட்களில், மருந்து கொடுக்க வந்தவர்களோடு வந்த யாரோ எடுத்தது. பரட்டைத் தலையோடு அம்மா, இடுப்பில் மூக்கு வடியும் மாமா. நான் அதை எடுத்தால் "தலை இழுக்க விடேல்லை" என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்துவிடுவார். அம்மாவுக்குத் தன் வடிவைப் பற்றி இவ்வளவு கவலையா என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டு, மாமா வென்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் யாருக்கு முதலில் சொல்லலாம் என்று கணக்குப் போட்டபடி வந்தேன்.