முள் முளைத்த கன்னம்

ஹில்டேவுக்குச் சிறுநீரகம் கொடுத்தவள் தங்கை யானெகே. உடம்பு அதை ஒதுக்கிவிடாமலிருக்கத் தின்ற மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிட, ஹில்டேவின் மூக்கிலும் கன்னத்திலும் பொடி முட்கள் முளைத்தன. அபூர்வ நோய்தான், ஆனால் நல்ல உடம்புக்காரர்களுக்கு ஒட்டாது என்று டாக்டர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

அவள் பிறந்தநாளுக்கு வந்தவர்கள், ஊர் வழக்கப்படி கன்னத்தில் கொடுக்கவேண்டிய மூன்று முத்தங்களை விட்டுவிட்டுக் கையை நீட்டினார்கள். தொலையட்டும். ஆப்பிள் கேக்கோடு யானெகே வந்தாள். ஹில்டே கன்னத்தைக் காட்டினாள்.

"எனக்குச் சளி அக்கா, உனக்கு ஒட்டிக்கப்போகுது" என்று தங்கை அவள் தோளைத் தட்டினாள்.

"குரல்ல ஒண்ணும் தெரியலையேடி."

யானெகே கேக் வெட்டப் போய்விட்டாள்.

ஹில்டேவின் கை தானாக அடிவயிற்றுத் தழும்பைத் தொட்டது. சிறுநீரகத்தைக் கொடுக்க யானெகே ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.