லட்சுமி அக்காவின் மோர்க்கூழ்

லட்சுமி அக்கா போய்விட்டார்…

நேற்றுக் காலை அவருடைய மகளிடமிருந்து வாட்ஸ்அப் மெசேஜ். வேறு யாரோ லட்சுமி என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி.

கொழும்பில், ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்ட் ஒபிஸில் ஏழு வருடம் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிறவள். அவர் கொட்டாஞ்சேனை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், டெலிபோன் ஒப்பரேட்டர். லைனில் கத்துகிற லொறிக்காரர்களைக்கூட ஒரு "சொல்லுங்க தம்பி"யில் அடக்கிவிடுவார். சிங்களத்தில் என்றால் ஒரு "கியன்ன மல்லி". அவ்வளவுதான்.

மத்தியானம் நாங்கள் சோற்றுப் பார்சலைப் பிரிக்க, அவர் ஒரு பிளாஸ்க்கைத் திறப்பார். குரக்கன் மோர்க்கூழ்; குரக்கனை அவர் கேழ்வரகு என்பார். முதல்நாளே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, குறுணல் அரிசியோடு காய்ச்சி, ஆறியதும் தயிர் விட்டுக் கரைத்தது. மேலே சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். அதுவும் சட்டித் தயிராக இருக்க வேண்டும். கப் தயிர் என்றால் முகத்தைச் சுளிப்பார்.

முதல் தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, சீமெந்து குழைச்சுக் கொண்டு வந்திருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"சீமெந்துன்னு சொன்ன வாய்க்கு ஒரு சொட்டு கெடையாது."

சொன்னபடியே ஒரு கிழமை தரவில்லை! கடைசியில் நானே வெட்கத்தை விட்டுக் கப்பை நீட்டினேன்.

பிறகு மூத்தவள் வயிற்றில்… என்ன சாப்பிட்டாலும் சத்தி, ஒன்றும் தங்காது. பிரஷரும் கூட. லீவு போட்டுப் படுத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அக்கா எங்கள் ஃபிளட்டுக்கே வந்துவிட்டார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க, வாசலில் நின்றபடியே பிளாஸ்க்கைத் தந்தார். "எதுவும் தங்கலன்னா இதக் குடிம்மா, தங்கும்" என்றுவிட்டு உடனே இறங்கிவிட்டார்.

என் மாமியார் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வயித்துப் பிள்ளையோட கண்ட இடத்துச் சாப்பாட்டையும் குடிக்கப் போறியோ?"

கண்ட இடம் என்றால் கொட்டாஞ்சேனை. கொட்டாஞ்சேனை என்றால் 'இந்தியாக்காரர்', இந்திய வழி வந்த தமிழர், மாமியின் கணக்கில் எங்களுக்குக் கீழே. மாமி என்ன சொல்கிறார் என்று எனக்கு நன்றாக விளங்கியது.

ஊற்றியது மாமி இல்லை. நான்தான். குசினி சிங்கில், ஒரு சொட்டு விடாமல். புளித்த வாசம் மூக்கில் ஏறியபோது, பல நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது. அப்படியும் ஊற்றினேன்…

அடுத்த கிழமை வேலைக்குப் போனபோது, வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்று பிளாஸ்க்கில் ஒரு பிடி சீனி போட்டுக் கொடுத்தேன். அவர் கேட்காமலே கதை அளக்கவும் தொடங்கினேன். "எல்லாரும் குடிச்சனாங்கள் அக்கா. மாமிக்கும் நல்ல விருப்பம். உப்பும் அளவா இருந்தது."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அப்படியா… சந்தோஷம்மா."

மத்தியானம் கதிரையை என் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு தன் கூழைக் கப்பில் ஊற்றித் தந்தார். "என் முன்னாடியே குடி."

குடித்தேன். உப்பே இல்லை.

"டாக்டர் ஒனக்கு உப்பு வேணாம்னாருல்ல… அன்னைக்கும் போடாமத்தான் கொண்டாந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. அதற்குள் போன் அடித்தது, எடுக்கப் போய்விட்டார்.

பிரசவ லீவு வரைக்கும் தினமும் அந்தக் கப் என் மேசைக்கு வந்தது. தனக்கும் உப்பில்லாமலே கரைத்துக் குடித்தார். அந்தக் கதையை மட்டும் அவர் ஒருநாளும் எடுக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று… அக்கா ஒபிஸை விட்டு நின்ற பிறகும், கோல் எடுத்தபோதெல்லாம் வேறு எதையாவது கதைத்துவிட்டு வைத்துவிடுவேன்.

இன்று காலை கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர்களிடம் சொன்னாள்:

"இவங்கதான் வெள்ளவத்த அக்கா. இவங்க வீட்டுல எல்லாருக்கும் அம்மா கூழுன்னா உசுராம். இவங்க மாமிகூட கேட்டு வாங்கிக் குடிச்சாங்கன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம்" என்று தலையாட்டினேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா… போய் வாருங்கள்.