தாமுவேயில் என் மருமகன் பேசிய சாயங்காலம்

என் தங்கை மகன் துறவியானது பக்தியினால் அல்ல. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது அவனுக்கு அதற்கேற்ற வயது, அவ்வளவுதான். பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. யாங்கோனில் மின்சாரம் முறை வைத்து வந்து போய்க்கொண்டிருந்தது. தாமுவே பகுதியில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் பழுது பார்க்கிற என் கடை அதனாலேயே நன்றாக ஓடியது. ஊர் கெட்டால் செழிக்கிற தொழில்கள் சில உண்டு. என்னுடையது அதில் ஒன்று என்பதில் எனக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

வார்டு ஆபீஸில் குலுக்கல் போட்டு ஆள் எடுத்தார்கள். வசதி உள்ள வீட்டுப் பையன்கள் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போனார்கள். நகர ஓரத்துத் தாகேதாவில் வாடகை அறையில் குடியிருந்துகொண்டு, தையல் ஃபாக்டரிக்குப் போய்வந்து மகனை வளர்த்த என் தங்கைக்கு அந்த வசதி இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்தபோது பையன் ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு பிள்ளை. சட்டத்தில் ஒரு சந்தும் இருந்தது: மடத்தில் இருக்கும் துறவிகளைப் பட்டாளம் தொடாது.

புத்தத் துறவிகளை எங்கள் தமிழில் பொங்கி என்போம். இங்கே பிறந்த தமிழனுக்குப் பொங்கியாவது ஒன்றும் பெரிய சமாச்சாரமில்லை. மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவனே அடுத்த நாள் பகோடாவில் மெழுகுவத்தி ஏற்றுவான். பள்ளிக்கூட லீவில் மகனுக்கு மொட்டை அடித்து, காவி உடுத்தி, ஒரு வாரம் மடத்தில் விட்டுத் திரும்ப அழைத்து வருவான். அக்கம்பக்கத்து பர்மாக்காரர்கள் செய்கிறார்கள், நாமும் செய்துவைப்போம் என்கிற எண்ணம்தான். ஆனால் அது லீவு முடிந்ததும் கழற்றுகிற காவி. இப்போது உடுத்தப்போவதை என்றைக்குக் கழற்றலாம் என்று யாருக்கும் தெரியாது.

எங்களைப் போலவே யோசித்த தாய்மார்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். போன மடத்திலெல்லாம் இடமில்லை என்றார்கள். கடைசியில் இன்சீன் பக்கம் ஒரு மடத்தில் கேட்ட மாத்திரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே தலைமைப் பொங்கியாக இருந்த சயாடோவைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். முஸ்லிம் கடையில் சாமான் வாங்காதே, முஸ்லிமுக்குப் பெண் கொடுக்காதே என்று ஊர் ஊராகப் போய் ஒலிபெருக்கியில் பேசுகிறவர். எங்கள் முகச்சாயலில் உள்ள எல்லோரையும் பர்மியத்தில் கலா என்பார்கள், அது மரியாதையான சொல் அல்ல. ஒரு இந்து கலா தானாக வந்து காவி கேட்பது சயாடோவுக்கு வலிய வந்த சீதேவி. மேடையில் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டலாமே.

“இடம் சரியில்லை” என்று தங்கையிடம் சொன்னேன்.

“அண்ணே, துப்பாக்கி எடுத்துக்கிட்டு காட்டுக்குப் போற எடம் சரியா?” என்றாள்.

குழந்தையாக முதல் மொட்டை அடித்தபோது தாய்மாமன் என்று என் மடியில்தான் உட்கார்ந்தான். மடத்தில் தலையை மழித்தபோது முடி தரையில் விழாமல் வெள்ளைத் துணியை ஏந்திப் பிடிக்கிற வேலையும் எனக்கே வந்தது. தலைக்கு வந்தது தலைமுடியோடு போயிற்று என்று தங்கை காதில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சடங்கு முடிந்ததும் பெற்ற தாயே தரையில் மண்டியிட்டு மகனைக் கும்பிட வேண்டும். அதையும் ஒழுங்காகச் செய்தாள். எழுந்தவள், ஃபாக்டரிக்குப் போகுமுன் தினமும் அவனுக்குச் செய்கிறபடியே, முந்தானை முடிச்சிலிருந்து விபூதி எடுத்து அவன் நெற்றியில் இடப் போனாள்.

பொங்கியைப் பெண் தொடக் கூடாது. சுற்றி இருந்தவர்கள் ஒரே குரலில் “ஹா” என்றார்கள். என் மருமகன் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான். தங்கையின் நீட்டிய கை அப்படியே நிற்க, விபூதி பாயில் கொட்டியது. சயாடோ மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். “தகாமஜீக்குப் பழைய பழக்கம், போகப் போகச் சரியாகும்” என்றார். காணிக்கை கொடுக்கிற பெண்களைப் பொங்கிகள் அழைக்கும் சொல் அது. அன்றிலிருந்து அவள் மகனும் அவளைத் தகாமஜீ என்றுதான் கூப்பிட்டான். அதுதான் முறை.

இனி டீக்கடை பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாமுவேயில் என் கடைக்கு ஒட்டின டீக்கடை அவருடையது. எங்களைப் போலவே தமிழர், முஸ்லிம். தங்கை ஃபாக்டரியில் இருந்த அத்தனை வருடங்களும் பள்ளி விட்டு என் கடைக்கு வரும் பையனுக்கு மத்தியானச் சோறு பாய் வீட்டுத் தூக்குச் சட்டியிலிருந்துதான். எனக்குச் சமைக்கவும் தெரியாது, சமைத்துப் போட ஆளும் இல்லை. பையன் அவரைப் பாய் மாமா என்பான். என்னை வெறும் மாமா. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, ஏன் மறைக்க வேண்டும்.

மடத்துக்குப் போன புதிதில், ஊரைச் சுற்றி ஓடும் சர்க்குலர் ரயிலில் நானும் தங்கையும் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் அவன் ஏங்கிப்போய்த் தெரிவான். தூக்கம் வரவில்லை என்பான், பாய் மாமா எப்படி இருக்கிறார் என்பான். மழைக்காலம் பாதி கடந்தபோது கேட்பதை நிறுத்திவிட்டான். உடம்பு தேறியிருந்தது, குரலும் மாறியிருந்தது. சயாடோ பேசுவதுபோலவே கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினான். ஜனங்கள் அவன் காலடியில் பழமும் சோப்பும் வைத்துக் கும்பிட்டார்கள். அதுவரை அவனை யாரும் எதற்கும் கும்பிட்டது கிடையாது. நான் தங்கையைப் பார்த்தேன். “நடிக்கிறான் அண்ணே. கெட்டிக்காரன்” என்றாள்.

மழைக்காலம் முடிந்ததும் அந்தச் செய்தி வந்தது. தாமுவேயில் தமிழர் தெருவில் தர்மக் கூட்டம். என் மருமகன் தமிழில் பேச வேண்டும், முஸ்லிம் கடைகளைப் பற்றிப் பேச வேண்டும். பேச முடியாது என்றால் காவியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சயாடோ சொல்லிவிட்டாராம். வீட்டுக்குப் போவது என்றால் பட்டாளத்துக்குப் போவது என்று எல்லோருக்கும் தெரியும்.

தங்கை டீக்கடைக்கு வந்து நின்று விஷயத்தைச் சொல்ல முடியாமல் அழுதாள். நான்தான் பாயிடம் சொன்னேன். அவர் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பேசட்டுமேம்மா. பேச்சுத்தானே, காத்தோட போயிரும். புள்ள போனா வருமா?” என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சயாடோவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. தெருவில் தமிழ் தெரிந்த யாரும் போய்க் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. ஆக, தமிழில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். திருடாதே, பொய் சொல்லாதே, குடிக்காதே என்று பேசட்டும், முகத்தை மட்டும் கோபமாக வைத்துக்கொண்டால் போதும்.

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒங்க அண்ணனுக்கு மூளை இருக்கும்மா, இத்தன நாளு பேட்டரிக்குள்ள வச்சிருந்தாரு” என்றார். கூட்டத்தன்று கடையைச் சாத்திவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். தங்கை இன்சீனுக்குப் போய் மகனிடம் யோசனையைச் சொல்லிவிட்டு வந்தாள். தலையாட்டினானாம்.

கூட்டத்தன்று சாயங்காலம் தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்கள். தமிழர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வராமல் இருப்பது யார் கண்ணில் படும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. தங்கை முன்வரிசையில் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். சயாடோ முதலில் பர்மியத்தில் தன் வழக்கமான பேச்சைப் பேசினார். ஜனங்கள் வழக்கம்போலக் கேட்டார்கள், அதாவது பின்வரிசையில் தூங்கினார்கள். அப்புறம் என் மருமகன் கண்ணை மூடிக்கொண்டு தமிழில் தொடங்கினான்.

திருடக் கூடாது என்றான். பொய் சொல்லக் கூடாது என்றான். கோபமாகத்தான் சொன்னான். எனக்கு மூச்சு வந்தது. ஒருவேளை பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கண்ணைத் திறந்தான்.

“எனக்கு அப்பா இல்ல. இதே தெருவுல ஒரு முஸ்லிம் கடையிலதான் சின்ன வயசுல சோறு சாப்பிட்டேன். தெனமும் போட்டாரு. காசு வாங்கல. ஏன் வாங்கலன்னு அப்ப நான் யோசிக்கல, இப்ப யோசிக்கிறேன். அப்பா இல்லாத புள்ளைங்களாப் பாத்துதான் போடுவாங்க. சோறு போட்டே புடிப்பாங்க. நான் தப்பிச்சு வந்துட்டேன். ஒங்க புள்ளைங்கள நீங்கதான் பாத்துக்கணும்.”

பள்ளியிலும் தெருவிலும் பர்மியமே பேசி வளர்ந்த பையன், தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினால் இடறுவான். அன்று ஒரு சொல்கூட இடறவில்லை. பக்கத்தில் சயாடோ ஒன்றும் புரியாமல் விசிறிக்கொண்டிருந்தார். அவன் வேறு எதைப் பேசியிருந்தாலும் அந்த மேடையில் யாருக்கும் தெரிந்திருக்காது. பயத்தினால் பேசினான் என்றால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தூக்கமெல்லாம் கலைந்து, பின்வரிசைவரைக்கும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஏறிப் போய் ஒரு அறை விடலாம் என்றுகூட இருந்தது. பொங்கியை அறைந்தால் தெருவே என்னைக் கொன்றிருக்கும், அதனால் உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவன் எங்களைக் கடந்து போனான். தங்கை மண்டியிட்டுக் கும்பிட்டாள். “தகாமஜீ நலமா இருக்கணும்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

பஸ் நிறுத்தம்வரை அவளோடு நடந்தேன். தாகேதா வண்டி வந்தபோது, ஏறுவதற்கு முன்னால் என்னைப் பார்க்காமலே சொன்னாள், “உசுரோட இருக்கான்ல அண்ணே.” இருக்கிறான் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் பாய் எப்போதும்போல வந்து கடையைத் திறந்தார். நேராக என்னிடம் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. “என்ன பேசுனான் நம்ம புள்ள? கோவமா வச்சிக்கிட்டானா மூஞ்சிய?” என்று கேட்டார்.

“கூட்டத்துல ஒரே இரைச்சல் பாய். ஒண்ணும் சரியாக் கேக்கல” என்றேன்.

“எப்படியோ, சயாடோ ஒத்துக்கிட்டாருல்ல. புள்ளைக்கு இனி கவலையில்ல” என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தார். பால் கொதித்தது. வழக்கமாக வருகிற பர்மாக்காரர்கள் இரண்டொருவர் வந்து குடித்துவிட்டுப் போனார்கள். சயாடோ பேசியதை அவர்கள் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. பாய் இரண்டு முறை தெருவை எட்டிப் பார்த்தார்.

பள்ளிக்கூட நேரத்துக்கு எதிர்வீட்டுத் தமிழ்ப் பெண் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தக் குழந்தை கடையைத் தாண்டும்போது பாய் ஒரு பன்னை எடுத்து நீட்டுவார். அது வாங்கிக்கொண்டு ஓடும். அன்றைக்கும் நீட்டினார். குழந்தையும் கையை நீட்டியது. தாய் அந்தக் கையைப் பட்டென்று இழுத்துக்கொண்டாள். “வேணாம் பாய், அவ சாப்பிட்டுட்டா” என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தன் மறுபக்கத்துக்கு மாற்றி நடத்திக்கொண்டு போனாள். குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

பாய் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் போவதையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரை எடுத்து ஏதோ ஒரு பேட்டரியைக் கழற்றத் தொடங்கினேன். அதற்குப் பிறகு என் மருமகன் என்ன பேசினான் என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை.