தோணிக்கார மாப்பிள்ளை

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த கையோடு திருவண்ணாமலையிலிருந்து தூத்துக்குடிக்குப் போனேன். சந்தோஷமாகப் போகவில்லை. அங்கே நர்ஸாக வேலை பார்க்கும் என் மகள், தோணியில் போகிற ஒரு பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். பையன் வீட்டாரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டு வருவதுதான் என் திட்டம்.

நான் மலையைப் பார்த்தே வளர்ந்தவள். தண்ணீர் என்றால் எனக்கு ஏரிதான். அதிலும் பாதி வருஷம் ஆடு மேயும். தோணி என்றதும் பரிசல் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன்.

பழைய துறைமுகத்துக்குள் பையனே என்னையும் மகளையும் அழைத்துப் போனான். அவனும் அவன் அப்பாவும் அன்று மாலத்தீவுக்குப் புறப்பட வேண்டியிருந்தது. பார்த்தால் வரிசையாகப் பெரிய பெரிய மரக்கப்பல்கள்! பாய்மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்ததில் கழுத்தே வலித்தது. வெங்காய மூட்டைகளும் சிமென்டு மூட்டைகளும் ஏறிக்கொண்டே இருந்தன. நான் வந்த வேலையை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அதுவும் கொஞ்ச நேரம்தான். கரையில் நிறுத்தியிருந்த ஒரு தோணியில், பலகை இடுக்குகளில் ஒருவர் எதையோ திணித்து அடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் உள்ளே வராமல் இருக்கப் பஞ்சு அடைக்கிறார்களாம். எனக்குப் பகீரென்றது.

"பாத்தியாடி? பஞ்சாம்டி, பஞ்சு! இதை நம்பிப் போறவனுக்கா உன்னைக் கட்டிக் குடுக்கறது?" என்று மகளின் காதைக் கடித்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, மகனுக்கும் கணவருக்கும் சோறு கட்டிக்கொண்டு பையனின் அம்மா வந்தார். "வாங்க மதினி" என்றார். அதற்குள் அண்ணி முறையா என்று உள்ளுக்குள் பொருமினேன். முடியாது என்பதை எப்படி ஆரம்பிக்கலாம் என்று யோசித்தபடி போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெல் லோடு ஏற்றிக்கொண்டு கர்நாடகா போயிருந்த என் கணவர் காலையிலிருந்து கூப்பிடவில்லை.

"என்ன மதினி, போனையே பாத்துட்டு இருக்கீய?"

"எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டறாருங்க. இன்னும் போன் வரலை."

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஆத்தாடி, லாரியா! முன்னாலயும் வண்டி, பின்னாலயும் வண்டி. கடல்லயாவது எதிர்ல ஆள் வராது. உங்களுக்கு எப்படி மதினி ராத்திரி தூக்கம் வருது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவரு பழகினவருங்க. நிதானமாத்தான் ஓட்டுவாரு."

"எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று சிரித்தார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். நான் போனைப் பைக்குள் போட்டேன்.

அப்பாவும் மகனும் ஏறிக்கொள்ள, தோணி கிளம்பியது. அது சின்னதாகும்வரை பையனின் அம்மா புடவைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றார். லாரி எங்கள் தெரு முனை திரும்பும்போது நானும் அப்படித்தான் நிற்பேன்.

அப்போது என் போன் அடித்தது. "லோடு இறக்கிட்டேன். சாப்ட்டியா? பையன் எப்படி?" என்றார் என் கணவர்.

"நல்ல பையனாத்தான் தெரியறான்" என்றேன். பக்கத்தில் நின்ற மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் தோணி புறப்படும் நாளில் நான் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன், லாரி புறப்பட்டால், "அண்ணன் போய்ச் சேந்தாச்சா?" என்று சம்பந்தியம்மா போன் செய்கிறார். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். என் வீட்டு ஆபத்தைத் தொழில் என்றும், அடுத்த வீட்டுத் தொழிலை ஆபத்து என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதை மட்டும் அந்தத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.