முதல் பந்தி

என் இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்பதை எனக்கு முதலில் சொன்னது டாக்டர் இல்லை, என் மாமியார்தான். மிஷன் ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து கிடந்த என் உதட்டை ஈரப் பஞ்சால் நனைத்துக்கொண்டே சொன்னார்: "புண்ணு இருந்த இடத்தோட சேத்து எடுத்துட்டாகளாம். உசுருக்கு ஒண்ணுமில்ல தாயி. சோறுதான் இனி கொஞ்சமாத் திங்கணும்."

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்து, விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி முடித்து, மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தேன். கல்யாணமாகி வந்த வீடு திருநகரில். மில்லில் கணக்கு எழுதும் கணவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த மாமனார், மாமியார், கொழுந்தன், நான். அப்போது எங்களுக்குக் குழந்தை இல்லை.

அந்த வீட்டில் யாரும் என்னைப் பட்டினி போட்டதில்லை. ஆனால் ஆண்கள் சாப்பிட்ட பிறகுதான் பெண்கள் சாப்பிடுவது. என் பிறந்த வீட்டிலும் அதுதான் வழக்கம் என்பதால் எனக்கு அது வித்தியாசமாகவே தெரிந்ததில்லை. விடிகாலையில் மாமியாரும் நானும் சமைப்போம். மூன்று ஆண்களும் சாப்பிட்டு எழுவதற்குள் என் பஸ் வந்துவிடும். ஒரு டம்ளர் காப்பியோடு ஓடுவேன். மத்தியானம் பிள்ளைகளைச் சாப்பிட வைக்கும் பொறுப்பு என்னுடையது. என் டப்பாவை எப்போதாவது நேரம் கிடைத்தால் திறப்பேன். ராத்திரி எல்லாரும் முடித்தபின் மாமியாரும் நானும் அடுப்படியில் பாத்திரங்களைச் சுற்றி உட்கார்ந்து, மிச்சமிருப்பதை வழித்துப் போட்டுச் சாப்பிடுவோம். அதற்குள் எல்லாம் ஆறிப்போயிருக்கும். நான் மலைபோலச் சாப்பிடுவேன்.

சாப்பிட்டால்தான் நெஞ்சுக்குழி எரிச்சல் அடங்கும். அது புண் என்று எனக்குத் தெரியாது. எரிந்தால் எதையாவது தின்றேன், அடங்கியது; மறுபடி எரிந்தது, மறுபடி தின்றேன். உடம்பு ஊதிக்கொண்டே போனது. வருஷத்துக்கு ஒருமுறை ரவிக்கை எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டியிருந்தது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார வருகிறவர்கள் யோசித்துவிட்டு நின்றுகொள்வார்கள். சாப்பாட்டுக்காரி என்று சொந்தக்காரர்கள் செல்லமாகச் சொல்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது தலை சுற்றியது. வாந்தி எடுத்தேன், காப்பித்தூளைக் கரைத்த மாதிரி கறுப்பாக. தலைமையாசிரியை என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவருடைய வெள்ளைச் சேலை முழுக்கக் கறையானது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. உள்ளே புண் வெடித்து ரத்தம் போய்க்கொண்டிருந்ததாம். அன்றைக்கே அறுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், ஆபரேஷன் செய்த டாக்டரம்மா என் கணவரைப் பார்த்துத்தான் பேசினார். ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டும். கூழாகிற வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். இனிப்பு ஆகவே ஆகாது. என் கணவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். சந்தேகம் கேட்டது மாமியார்.

"காலையில மொத சாப்பாடு எப்பத் தரணும்?"

"எந்திரிச்ச கொஞ்ச நேரத்துலயே."

"அப்ப ஆம்பளைக சாப்பிட்டிருக்க மாட்டாகளே."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு மாமியாரை நிமிர்ந்து பார்த்தார். "அவங்க வயித்துல நான் கத்தி வைக்கலையேம்மா" என்றார்.

மாமியார் மருந்துச் சீட்டை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். வீடு வந்து சேரும்வரை வெளியே பார்த்தபடியே வந்தார்.

மறுநாள் காலை மாமனார் வழக்கம்போலக் கைகழுவிவிட்டுப் பேப்பரோடு வந்து உட்கார்ந்தார். நான் சுவரோரம் சாய்ந்திருந்தேன். மாமியார் தட்டில் ஒரு இட்லியோடு வந்தார். அதை என் முன்னால் வைத்தார். மாமனாருக்கு எதிரே, கூடத்திலேயே.

"இங்கனயே உக்காந்து சாப்பிடு."

மாமனார் தட்டையும் பார்த்தார், மாமியாரையும் பார்த்தார்.

"எனக்கு?"

"அவ தின்னு முடிக்கட்டும். அடுத்த ஈடு வேகுது."

மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். வெளியே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஊற்றினார். பிறகு வந்து சாப்பிட்டார். பத்து மணி வாக்கில் வாசலிலிருந்து அவர் குரல் கேட்டது: "நேரம் ஆச்சே, மருமகளுக்கு என்ன குடுத்த?"

அன்றிலிருந்து என் வயிற்றுக்கு அவர்தான் கடிகாரம். நான் வேலைக்குத் திரும்பும்வரை ஒரு வேளை தவறவிட்டதில்லை.

சின்ன வயிற்றோடு வாழப் பழகுவது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. அரை இட்லியில் வயிறு நிறைந்துவிடும், கண் நிறையாது. ஒரு வாய் கூடிவிட்டால் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி அடைத்து, எழுந்துபோய்த் துப்பிவிட்டு வர வேண்டும். சோற்றை மென்று பழகாதவள் நான். தண்ணீரை ஊற்றி உள்ளே தள்ளியே வளர்ந்தவள். மாமியார் ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து, வேகவைத்த முட்டையை நசுக்கி, அயிரை மீன் குழம்பில் மீனை மட்டும் எடுத்து வைத்துத் தருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி வதங்கும் வாசனை வந்தபோது கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன். ருசிக்காக அழவில்லை. இத்தனை வருஷம் எனக்கு இருந்த ஒரே ஆறுதலை அறுத்து எடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

என் கணவர் அதிகம் பேசாதவர். நான் வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின சாயங்காலம், விளக்குத்தூண் கடைவீதிக்குப் போய் உள்ளங்கை அளவில் எவர்சில்வர் டப்பாக்கள் வாங்கி வந்தார். ஒவ்வொன்றின் மூடியையும் அழுத்தி, கசிகிறதா என்று தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளியில் தலைமையாசிரியை, பாடவேளைக்கு நடுவிலும் நான் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார். வகுப்பில் டப்பாவைத் திறக்க முதலில் கூசியது. அந்த நேரத்தில் பிள்ளைகள் அத்தனை பேரும் தாங்களாகவே புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒருத்திகூடச் சிரித்ததில்லை.

சில மாதம் கழித்து என் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. மாமியாரும் நானும் உசிலம்பட்டி போனோம். என்னைப் பார்த்த என் அம்மாவுக்கு அழுகை தாங்கவில்லை. "எம்பிள்ள பாதியாப் போயிட்டாளே" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பிடிக்குமென்று கருப்பட்டி போட்டுப் பருத்திப்பால் காய்ச்சி வைத்திருந்தாள். மாமியார் பந்தல் பக்கம் போயிருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. கண் இருட்டிக்கொண்டு வர, அப்படியே சரிந்தேன். பெண்கள் கூடிவிட்டார்கள். காத்துக்கருப்பு என்றாள் ஒருத்தி. சாமி வருது என்று திருநீறு எடுக்க ஓடினாள் இன்னொருத்தி. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமியார் வந்தார். என்னைப் படுக்க வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, காலியான டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், நான்தான் கொடுத்தேன் என்று.

மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பாசமாக் குடுத்தீக, அவ பாசமாக் குடிச்சா. வகுத்துக்கு அது தெரியல. செத்த நேரத்துல சரியாயிரும்."

சரியாகிவிட்டது. ஆனால் எழுந்து உட்கார்ந்ததும் கை நடுங்கியது. ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். அப்போதுதான் பந்தலில் ஆண்களுக்கு முதல் பந்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் என் கையைப் பிடித்து நேரே அங்கே கூட்டிப்போனார். பரிமாறிக்கொண்டிருந்த அண்ணனிடம், ஓரமாக ஒரு இலை போடச் சொன்னார். அண்ணன் திகைத்து நின்றான். உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் மாட்டேன் அத்தை. தனியா எப்படி உக்கார்றது?"

மாமியார் அண்ணனைப் பார்த்தார். "ரெண்டு இலையாப் போடு தம்பி" என்றார். நான் உட்காருவதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் இரண்டு இலை போட்டான். எனக்குக் கறியை அவனே சின்னச் சின்னதாகப் பிய்த்து வைத்தான். மாமியார் இலையில் சோறு ஆவி பறக்க விழுந்தது. குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தவர், கொஞ்ச நேரம் மெல்லாமல் அப்படியே இருந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "சூடாத் தின்னா இம்புட்டு ருசியாவா இருக்கும் கறிக்கொழம்பு?"

அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர் அவர். வாழ்நாளெல்லாம் அந்தக் குழம்பை வைத்தவர்.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு, நான் சாப்பிடும்போது அவரும் ஒரு தட்டோடு எதிரே உட்கார ஆரம்பித்தார். தனியாகச் சாப்பிட உனக்குக் கூச்சமாக இருக்கும் என்று காரணம் சொன்னார். எனக்குக் கூச்சம் எப்போதோ போய்விட்டிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

உடம்பு மெல்ல மெல்ல இறங்கியது. ஓடிப்போய் பஸ் ஏற முடிந்தது. எரிச்சல் போயே போய்விட்டது. ரத்தம் ஊற மாத்திரையும் ஊசியும் மட்டும் இன்றுவரை தொடர்கின்றன. இத்தனை வருஷம் தங்காத பிள்ளையும் தங்கியது. ஆபரேஷன் முடிந்து மூன்றாம் வருஷம் மகள் பிறந்தாள். இனிப்பை இப்போதும் நாக்கில் தொட்டுப் பார்ப்பதோடு சரி. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் கொழுந்தனுக்குக் கல்யாணமானது. வில்லாபுரத்துப் பெண். வந்த மறுநாள் காலையில் தோசை வாசனை வீடெல்லாம் நிறைந்திருக்க, அவள் அடுப்படிக் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். எல்லாரும் முடிக்கட்டும் என்று காத்து நிற்கிற அந்த நிற்பு எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் கல்லிலிருந்து தோசையை எடுத்து அவள் கையில் தட்டோடு கொடுத்தார்.

"ஏத்தா, ஏன் நிக்கிற? சூடு ஆறிப்போகும், உக்காரு."

அவள் தயங்கி மாமனாரைப் பார்த்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், பக்கத்தில் கிடந்த பாயை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.