சாரி என்றால் புண்

சாணார்பட்டியில், அந்தச் சாவு வீட்டில், என் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்தான்: "சாரி, ஆயாம்மா." துக்க வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்வது நம் வழக்கம். இருபது வருடம் ஆங்கிலம் நடத்திய டீச்சரான எனக்கு அதுகூட மறந்துவிட்டது. ஆங்கிலத்தில் துக்கம் விசாரிக்கவும் சாரிதான். நம் ஊரில் அது தப்புக்கு மட்டும் சொல்வது. திண்டுக்கல்லில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆயாம்மா, புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்தவர், முகத்தை நிமிர்த்தி எல்லார் முன்னாலும் கேட்டார்: "நீங்க என்ன டீச்சர் தப்பு பண்ணீக?"

ஆறுதல் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஏனென்றால் தப்பு பண்ணியிருந்தேன். முந்தின நாள் காலை, புருஷனுக்கு மூச்சு வாங்குகிறது என்று போன் வந்து, ஆயாம்மா என்னிடம் ஓடிவந்தார். தலைமையாசிரியை விடுப்பு, பொறுப்பு என்னிடம். ஆய்வுக்கு அதிகாரிகள் வந்திருந்தார்கள், டீ கொடுக்க ஆள் வேண்டும். "செத்த நேரம் இருங்க, இவங்க கிளம்பட்டும்" என்றேன். அந்தச் செத்த நேரம் மூன்று மணிவரை இழுத்தது. அவர் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் நான் போனபோது, "சாகக் கெடக்குறவனவிட அம்புட்டுப் பெருசாப் போச்சா அந்த வேல?" என்று ஆயாம்மாவை அவர் நாத்தனார் ஏசிக்கொண்டிருந்தாள். நான் ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, சாரி எங்கிருந்து வந்தது என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். துயரத்தைக் குறிக்கும் 'ஸாரோ'வுக்குச் சொந்தம் என்றே நினைத்திருந்தேன். அகராதி, 'இல்லை' என்றது. புண், வலி என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து பிறந்ததாம். அப்படியென்றால் சொல்கிறவருக்கு வலிக்க வேண்டும். வகுப்பில் நின்றபடியே எனக்கு முகம் சுட்டது.

அன்று மாலை வராந்தா பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மாவிடம் போய், "அன்னைக்கு நான்தான் உங்கள விடல. மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் பெருக்குவதை நிறுத்தவில்லை. "அதத்தான டீச்சர் அன்னைக்கே கேட்டேன். அவுக முன்னாடி ஒரு வார்த்த சொல்லுவீகன்னு பாத்தேன். நாத்தனா வீட்டுல இன்னைக்கும் என்கூடப் பேச மாட்டாக. இங்க வந்து சொல்றீக, கேக்க யாரு இருக்கா?"

அந்த நாத்தனார் இருக்கும் சாணார்பட்டிக்குத் திண்டுக்கல்லிலிருந்து அரை மணி நேரப் பஸ். நான் இன்னும் போகவில்லை.